பேப்பர் கப்பை விட்டுட்டு டம்ளருக்குத் திரும்புறது எப்படி: மதுரை காபி கடைக்கும் வீட்டுக்கும் முழு வழிகாட்டி

"மாப்ள, பேப்பர் கப்பு வாங்கியே மாசாமாசம் எம்புட்டு காசு போகுது தெரியுமா, நீ டிசைன் டிசைன்னு சொல்றீல்ல, இதுக்கு ஒரு டிசைன் பண்ணு பாப்போம்." அரசரடி பக்கம் காபி கடை வச்சிருக்குற எங்க தாய்மாமா ஒருநா ராத்திரி கடை அடைக்கிற நேரத்துல இப்படிக் கேட்டாரு. மெனு போர்டு, காபித்தூள் பாக்கெட்டு, கடை கவுண்டர் இதெல்லாம் வடிவமைக்கிறது தான் என் தொழில். மொதல்ல நானும் ஒரு போர்டு அடிச்சு மாட்டினேன், பச்சை கலர்ல ஒரு மரம், அதுக்குக் கீழ "பேப்பர் கப் தவிர்ப்போம், பூமி காப்போம்". ஒரு மாசம் தொங்குச்சு. அந்த போர்டுக்குக் கீழயே நின்னு பேப்பர் கப்புல குடிச்சுட்டு தொட்டில போட்டுட்டுப் போனாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லங்க, காலைல ஏழு மணிக்கு வர்றவங்க போர்டு படிக்க வரல, கைல எதக் குடுக்குறோமோ அதுல குடிப்பாங்க. அப்ப மாத்த வேண்டியது வர்றவங்க மனச இல்ல, நம்ம கவுண்டரை. இது புரிஞ்சப்புறம் தான் வேலையே நடந்துச்சு. கடை வச்சிருக்கவங்க, வைக்கப் போறவங்க, ஆபீஸ்ல கேன்டீன் பாத்துக்குறவங்க, வீட்டுல நாலு பேருக்கு காபி போடுறவங்க எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி எழுதுறேன்.

மொதல்ல, பேப்பர் கப்புல என்ன தான் பிரச்சனை

பேப்பர் கப்புன்னு பேரு தான், அது வெறும் பேப்பர் இல்ல. வெறும் பேப்பர்ல சூடா காபிய ஊத்தினா ஊறிப் போயிரும்ல, அதுக்காக உள்பக்கம் மெல்லிசா பாலிஎத்திலீன்ங்குற பிளாஸ்டிக் பூச்சு குடுத்திருப்பாங்க. ஒரு கப்பை ராத்திரி தண்ணில ஊறப் போட்டுட்டு காலைல நகத்தால உரிச்சுப் பாருங்க, பேப்பர் கூழாட்டம் வந்துரும், கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோல் மட்டும் கைல மிஞ்சும். அந்தத் தோல் தான் வில்லங்கமே. பழைய பேப்பர் கடைக்காரர் இதை எடுக்க மாட்டாரு, ஏன்னா ரெண்டையும் பிரிக்கிறது லேசுல ஆகுற காரியம் இல்ல.

காரக்பூர் ஐஐடில 85-90 டிகிரி சூட்டுல 100 மில்லி தண்ணிய இந்த மாதிரி கப்புல ஊத்தி 15 நிமிஷம் வச்சுப் பாத்திருக்காங்க, ஏறக்குறைய 25,000 மைக்ரோ பிளாஸ்டிக் துகள் அதுல இறங்கியிருக்கு. நம்ம ஊரு காபியும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுல தான் கப்புக்குள்ள விழுகுது. இன்னொன்னு, 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின ஒருமுறை பயன்படுத்துற 14 வகை பிளாஸ்டிக் லிஸ்ட்ல இந்த பூச்சு போட்ட பேப்பர் கப்பும் இருக்கு. நெறைய கடைக்காரங்களுக்கு இது தெரியாது, பேப்பர் தானேன்னு நெனச்சு வாங்கிட்டு இருக்காங்க.

நம்ம தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவ சூடான ஜல்லி மேல உருக்கிப் பூசி அதுல தார் கலந்து ரோடு போடுற முறைய கொண்டு வந்து 2018ல பத்மஸ்ரீ வாங்கினவரு. மதுரைக்காரங்களுக்கு அது பெருமை. ஆனா அதுக்கு பிளாஸ்டிக் தனியா, சுத்தமா, காஞ்சு இருக்கணும், பேப்பரோட ஒட்டிக்கிட்டு காபியும் சக்கரையும் பிசுபிசுன்னு இருக்குற கப்பு அதுக்கும் தோதுப்படாது. கடைசில போய்ச் சேர்ற எடம் வெள்ளக்கல் குப்பைக்கிடங்கு தான்.

படி 1: ஒரு காலைப்பொழுது உக்காந்து எண்ணுங்க

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நோட்டும் பேனாவுமா காலைல ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் கடை ஓரத்துல உக்காருங்க. எத்தன பேரு வந்தாங்க, எத்தன பேரு பேப்பர் கப்புல குடிச்சாங்க, அதுல எத்தன பேரு அவங்களாவே வாயத் தொறந்து பேப்பர் கப்பு கேட்டாங்க, இந்த மூணும் போதும்.

நான் எண்ணுனப்ப பேப்பர் கப்புக்காரங்க மூணு வகையா இருந்தாங்க. பஸ்ஸுக்கு ஓடுறவங்க, இல்லாட்டி பைக்ல உக்காந்துக்கிட்டே குடிக்கிறவங்க ஒரு வகை. டம்ளரைக் கழுவுறது சுத்தமா இருக்குமோ இருக்காதோன்னு பயப்படுறவங்க ரெண்டாவது, கொரோனாவுக்கு அப்புறம் இவங்க ரொம்பக் கூடிட்டாங்க, கைக்குழந்தையோட வர்ற அம்மாக்கள் பெரும்பாலும் இந்த வகை தான். மூணாவது வகை எதையும் கேக்கவே இல்ல, மாஸ்டர் கைக்கு எட்டுன பேப்பர் கப்புல ஊத்திக் குடுத்தாரு, வாங்கிக்கிட்டாங்க. அரசரடி கடைல இந்த மூணாவது வகை தான் பாதிக்கும் மேல. இவங்கள டம்ளருக்கு மாத்த ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல, கப்பு அடுக்கு இருக்குற எடத்த மாத்தினாலே போதும். உங்க கடைல எந்த வகை ஜாஸ்தின்னு தெரிஞ்சா தான் எந்தப் படில அதிகம் கைய வைக்கணும்னு தெரியும்.

படி 2: மாஸ்டர் கை எங்க போகுதுன்னு பாருங்க

காபி மாஸ்டர் ஒரு காபி போடுற நேரத்துல யோசிக்க மாட்டாரு, கை தானா போகும். டிகாஷன் எடது பக்கம், பால் வலது பக்கம், நடுவுல எது இருக்கோ அதுல ஊத்துவாரு. மாமா கடைல நடுவுல இருந்தது பேப்பர் கப்பு அடுக்கு, டம்ளரு பின்னாடி கழுவுற தொட்டி பக்கத்துல. திரும்பி ஒரு எட்டு வச்சா தான் டம்ளரு கிடைக்கும். ஏழு மணிக் கூட்டத்துல அந்த ஒரு எட்டு எவ்வளவு பெருசுன்னு மாஸ்டரைக் கேட்டுப் பாருங்க.

ரெண்டையும் எடம் மாத்தினோம். கழுவிக் கவுத்த டம்ளர் டவராவ மாஸ்டர் இடுப்பு உயரத்துல பாலுக்குப் பக்கத்துலயே ஒரு சாய்வான கம்பி ஸ்டாண்டுல வச்சோம், பேப்பர் கப்பு கவுண்டருக்குக் கீழ கதவு போட்ட அறைக்குள்ள போயிருச்சு. கேட்டா எடுத்துக் குடுப்போம், கேக்காம வராது. ஸ்டாண்டு அடிச்ச வெல்டருக்குக் குடுத்த கூலி தான் செலவு. இந்த ஒரு வேலைய மட்டும் செஞ்சுட்டு மத்ததெல்லாம் விட்டாக்கூட குப்பைத் தொட்டில வித்தியாசம் தெரியும்.

ஒரு சின்ன விஷயம், கவுண்டர்ல இருக்குறவங்க "கப்பா, டம்ளரா?"ன்னு கேக்கக் கூடாது. அப்படிக் கேட்டா அவசரத்துல வாயில மொதல்ல வர்றது கப்பு தான். "இங்க குடிக்கிறீங்களா, பார்சலாண்ணே?"ன்னு கேக்கணும். இங்கன்னா டம்ளரு, அதோட பேச்சு முடிஞ்சிரும்.

படி 3: கழுவுறதை ஒளிக்காதீங்க, முன்னாடி கொண்டு வாங்க

இந்தப் படிய நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன், ஏன்னா பேப்பர் கப்பு நம்ம ஊருக்குள்ள வந்ததே அருவருப்புல தான். ஒரே ஒரு பக்கெட்டுத் தண்ணி, காலைல ஊத்தினது, பத்து மணிக்கு அது பால் கலர்ல இருக்கும், அதுலயே முக்கி எடுத்து அடுத்த ஆளுக்குக் குடுக்குறது. அதைப் பாத்தவங்க பேப்பர் கப்பு கேட்டா அவங்கள எப்படிக் குத்தம் சொல்ல முடியும். அந்தப் பயத்தப் போக்காம டம்ளர்ல குடிங்கன்னு சொல்றது நியாயமே இல்ல.

மூணு தொட்டி வைங்க. ஒண்ணுல வெறும் தண்ணி, பால் சக்கரை எல்லாம் போறதுக்கு. ரெண்டாவதுல சோப்புத் தண்ணி, ஸ்க்ரப்பர். மூணாவது தான் முக்கியம், கொதி சூட்டுக்கு கொஞ்சம் கம்மியான வெந்நீர். 77 டிகிரிக்கு மேல இருக்குற வெந்நீர்ல 30 செகண்ட் முழுகி இருந்தா கிருமி பயம் தேவையில்ல, அந்தச் சூட்டுல கைய விட முடியாதுங்குறதால கைப்பிடி வச்ச கம்பிக் கூடைல டம்ளரை அடுக்கி அப்படியே இறக்கி ஏத்தணும். வெந்நீருக்கு தனியா அடுப்பு எதுக்கு, பாய்லர் தான் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கொதிச்சுக்கிட்டே இருக்கே, அதுல இருந்து ஒரு குழாய் இழுத்துக்கலாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி தொட்டில போட்டு வைங்க. கூடைய வெளிய எடுத்தா அந்தச் சூட்டுலயே டம்ளரு கொஞ்ச நேரத்துல தானா காஞ்சிரும், துணி போட்டுத் துடைக்கவே கூடாது. துடைக்கிற துணிய ஒருநா மோந்து பாருங்க, ஏன்னு தெரியும்.

இத பூராத்தையும் கடைக்கு முன்னாடி, காபி வாங்குறவங்க கண்ணு படுற எடத்துல வைங்க. ஆவி பறக்க கூடை மேல வர்றத பாத்த அம்மா ஒருத்தங்க, அவங்களாவே "பாப்பாவுக்கும் டம்ளர்லயே குடுங்க தம்பி"ன்னு சொன்னாங்க. என் பச்சை மரம் போர்டால ஆகாதத அந்த ஆவி செஞ்சுச்சு.

தண்ணி செலவு ஆகுமேன்னு கேப்பீங்க, மதுரைல கேக்க வேண்டிய கேள்வி தான். மொத தொட்டித் தண்ணி மட்டும் தான் அடிக்கடி மாத்தணும், ஓடுற குழாய்ல கழுவுறத விட இது எவ்வளவோ கம்மி. கனடாவுல ஹாக்கிங்னு ஒரு வேதியியல் பேராசிரியர் 1994ல கணக்குப் போட்டுப் பாத்தாரு, செய்யிறதுக்கும் கழுவுறதுக்கும் ஆகுற எரிசக்தி எல்லாம் சேத்து, கண்ணாடிக் கிளாஸ 15 தடவையும் பீங்கான் கப்பை 39 தடவையும் பயன்படுத்தினா பேப்பர் கப்புக்குச் சமமாயிரும், அதுக்கு மேல ஒவ்வொரு தடவையும் லாபம்னு. காபி கடைல ஒரு டம்ளரு ஒரு நாளைக்கே எத்தன தடவ சுத்தி வருதுன்னு யோசிங்க, அதுவும் கீழ விழுந்தாலும் உடையாத எவர்சில்வர்.

படி 4: டம்ளரை பாத்து வாங்குங்க

டம்ளர் டவரா மாதிரி யோசிச்சு செஞ்ச பாத்திரம் வேற இல்லன்னு தான் நான் சொல்லுவேன். டம்ளர் வாய் வெளிப்பக்கம் விரிஞ்சிருக்குறது அழகுக்கு மட்டும் இல்ல, உடம்பு கொதிச்சாலும் அந்த விளிம்ப ரெண்டு விரலால பிடிச்சுக்கலாம், உதட்ட வைக்காம அண்ணாந்தும் குடிக்கலாம். டவரா ஆத்துறதுக்கு, நுரை கட்டுறதுக்கு, சிந்தினத ஏந்துறதுக்கு, குழந்தைக்கு பாதி ஊத்திக் குடுக்குறதுக்கு. மூடி, கை சுடாம இருக்க கப்புல மாட்டுற ஸ்லீவு, கலக்குற குச்சி எதுவுமே வேண்டாம், பேப்பர் கப்புக்குத் தான் இத்தனை துணை வேணும்.

வாங்கும்போது பாத்திரக்கடைல விரல உள்ள விட்டு அடிப்பக்கம் தடவிப் பாருங்க. மூலை கூரா இருந்தா அங்க பால் ஏடு ஒட்டிக்கும், வளைஞ்சு இருக்கணும். விளிம்பு சுருட்டி இருந்தா சுருட்டு நல்லா மூடி இருக்கான்னு பாருங்க, இடுக்கு இருந்தா அழுக்கு சேரும். பூ வேலை, வரி வரியா டிசைன் போட்டது வேண்டாம், வழுவழுன்னு இருக்கறத வாங்குங்க. கனம் ரொம்ப லேசா இருந்தா நாலே மாசத்துல நசுங்கிரும்.

அளவு தான் அடுத்தது. டம்ளரு பெருசா இருந்தா ஊத்துறவங்களுக்கு நெறைக்கத் தோணும், குடிக்கிறவங்களுக்கு முடிக்கத் தோணும். 125 மில்லி சாதா கறுப்பு காபிக்கு, தூள் 7 கிராம்னு வச்சுக்கிட்டா, செடி வளந்ததுல இருந்து கணக்குப் போட்டா 130 லிட்டர் தண்ணிக்கு மேல ஆகுது. அதுல பெரும்பங்கு மழைத்தண்ணி தான், இருந்தாலும் அடில கால்வாசிய வீணா ஊத்துறது மனசுக்கு ஒப்பல. நம்ம காபில பாலு வேற இருக்கு, மாட்டுத் தீவனம், மாடு விடுற மீத்தேன், குளிர வச்சு கொண்டு வர்றது எல்லாம் சேத்து பால் காபியோட சுமைல பால் பங்கு தான் பெருசு. அதனால 100 மில்லி டம்ளரை சாதா காபியா வைங்க, மெனு போர்டுல மினி காபிய மேல மொத வரில போடுங்க, பெரிய காபி கடைசி வரில இருக்கட்டும். ஸ்ட்ராங்கா வேணும்னு கேக்குறவங்களுக்கு டிகாஷன கூட்டிக் குடுத்தா கம்மியா குடிச்சாலும் திருப்தி ஆயிரும்.

மண் கப்புல குடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, மானாமதுரை மண்பாண்டம் பக்கத்துலயே இருக்கு, 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. அந்தக் கைவேலை மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா சூளைல வெறகு எரிச்சு சுட்டத ஒரு தடவ குடிச்சுட்டு ஒடைக்கிறதுல எனக்கு சம்மதம் இல்ல. தண்ணிப் பானை, குழம்புச் சட்டின்னு வருஷக்கணக்கா வச்சுப் பொழங்குறத வாங்குங்க, அந்தக் குடும்பங்களுக்கும் அது தான் நல்ல வருமானம்.

படி 5: பார்சலுக்கு பாத்திரம், பாத்திரத்துல பேரு

பார்சல் தான் கஷ்டமான எடம். சூடான காபிய பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டு முறுக்கிக் குடுக்குறது இன்னும் போகல. நம்மகிட்ட இதுக்கு வழி முன்னாடியே இருந்துச்சுங்க. கடைப் பையன் எட்டு கிளாஸ கம்பி ஸ்டாண்டுல மாட்டி மாசி வீதி ஜவுளிக்கடைக்கு கொண்டு போவான், அரை மணி கழிச்சு காலி கிளாஸ எடுத்துட்டு வருவான். அந்த ஸ்டாண்ட மறுபடி கொண்டு வாங்க, சுத்துவட்டாரத்துல இருக்குற கடை, ஆபீஸுக்கெல்லாம் அது போதும்.

தூரத்துல இருக்குறவங்களுக்கு மூடி போட்ட சின்ன எவர்சில்வர் தூக்கு, டெபாசிட் வாங்கிட்டுக் குடுங்க. இது ஓடுமான்னு மாமாவுக்கு சந்தேகம் இருந்துச்சு. ஜெர்மனில ஃப்ரைபர்க்ங்குற ஊர்ல 2016ல ஒரு யூரோ டெபாசிட்டுல காபி கப்பு திட்டம் கொண்டு வந்தாங்கன்னு சொன்னேன், அது வெளிநாடு மாப்ளன்னுட்டாரு. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு திருப்பிக் குடுத்தா அந்தக் காச திருப்பித் தர்ற முறைய 2022ல நீலகிரில ஆரம்பிச்சு வேற மாவட்டத்துக்கும் கொண்டு போனாங்களே, நம்ம ஆளுங்களுக்கு இது பழக்கம் தான்னு சொன்னப்ப தான் தலைய ஆட்டுனாரு.

டெபாசிட்டு தூக்கு விலைக்கு கொஞ்சம் பக்கத்துல இருக்கட்டும், ரொம்பக் கம்மியா வச்சா திரும்பி வராது, முழு விலையும் வச்சா யாரும் எடுக்க மாட்டாங்க. அதோட பாத்திரத்துல பேரு வெட்டிருங்க. சீர்ப் பாத்திரத்துக்கு பேரு வெட்டுறது நம்ம வழக்கம் தானே, பாத்திரக்கடைலயே மெஷின் வச்சிருப்பாங்க, கடை பேரு, கீழ "டெபாசிட்", அதுக்குக் கீழ ஒரு நம்பரு. பேரு வெட்டுன பாத்திரம் அடுத்தவங்க வீட்டுப் பாத்திரம்ங்குற எண்ணம் நம்ம ஊர்ல ஊறிப் போனது, அத எடுத்து சொந்தமா பொழங்க கை கூசும். ஸ்டிக்கர் ஒட்டினா இந்த உணர்வு வராது, ரெண்டு கழுவுல உரிஞ்சும் போயிரும்.

சொந்தமா ஃபிளாஸ்க்கோ தூக்கோ கொண்டு வர்றவங்களுக்கு தனி வரிசை வைங்க, கூட்டத்துல நிக்க விடாதீங்க. அஞ்சு நிமிஷம் மிச்சமாகுறது தான் காலை நேரத்துல அவங்களுக்குப் பெரிய பரிசு.

படி 6: காசையும் வார்த்தையையும் சரியா வைங்க

சொந்த டம்ளர் கொண்டு வந்தா 2 ரூபா கம்மின்னு போடத் தோணும். கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரங்க பிரிட்டன்ல காபி கடைகள்ல சோதனை பண்ணி 2017ல வெளியிட்டாங்க, தள்ளுபடியால ஒரு மாத்தமும் இல்ல, தூக்கிப் போடுற கப்புக்கு தனியா காசு வாங்கினப்ப சொந்தக் கப்பு கொண்டு வர்றவங்க கூடியிருக்காங்க. தள்ளுபடி கிடைக்காட்டி யாருக்கும் பெருசா தெரியாது, கைக்காசு ரெண்டு ரூபா போனா சுருக்குன்னு இருக்கும், அம்புட்டுதான்.

அதனால விலைப்பட்டியல்ல காபி 20 ரூபான்னா டம்ளர்ல 20 ரூபா, கப்பு முழுசா நிக்கிற வரைக்கும் கீழ தனி வரில "பேப்பர் கப் 2 ரூபா". வெல ஏத்திட்டாங்கன்னு யாரும் நெனைக்கக் கூடாது, அதனால ஏற்கனவே இருக்குற விலைல கப்பு காச கழிச்சுட்டு ஆரம்பிச்சா இன்னும் நல்லது. வாசகத்துல பூமி, எதிர்காலம்லாம் வேண்டாம். மாமா கடைல இப்ப இருக்குறது "டம்ளர் வெந்நீரில் கழுவியது" அவ்வளவு தான், எழுத்து ரோட்ல இருந்து தெரியிற அளவுக்குப் பெருசா, வெள்ளைல கறுப்பு.

விசேஷ வீடு, ஆபீஸு

கல்யாணத்துல கேட்டரிங்காரங்ககிட்ட பேசும்போதே டம்ளருன்னு எழுதி வாங்கிக்கங்க, வாடகைப் பாத்திரக் கடைல கட்டுக்கட்டா இருக்கு, கழுவ ரெண்டு ஆள் கூட சொன்னா போதும். ஆபீஸ்ல ஆளுக்கொரு டம்ளரு, அதுல பேரு, மாட்டி வைக்க ஆணி அடிச்ச ஒரு பலகை. சின்ன டப்பிக்குள்ள அடைச்ச தூள்ல காபி போடுற கேப்சூல் மெஷின் வாங்கலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, ஒவ்வொரு காபிக்கும் ஒரு அலுமினிய டப்பியோ பிளாஸ்டிக் டப்பியோ குப்பையாகும், ஜெர்மனில ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016லயே அரசு ஆபீஸுக்கு அத வாங்குறத நிறுத்திருச்சு. நம்ம ரெண்டடுக்கு ஃபில்டருக்கு பேப்பரும் வேண்டாம் கரண்டும் வேண்டாம்.

படி 7: தூளும் சக்கையும்

மதுரைல இருந்துக்கிட்டு காபி எங்கிருந்தோ வருதுன்னு நெனைக்க வேண்டியதில்ல. கீழ்ப்பழனி மலைல தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பூரா காபித் தோட்டம், தாண்டிக்குடில காபி போர்டோட ஆராய்ச்சி நிலையமே இருக்கு. அங்க செடி வெயில்ல தனியா நிக்காது, சில்வர் ஓக், பலா, மலை வாழை, ஆரஞ்சு நிழல்ல வளருது, மிளகுக் கொடி மரத்துல ஏறியிருக்கும். நிழல் மரம் இருந்தா மண்ணு நிக்கும், பறவை தங்கும், காபி விலை விழுந்த வருஷம் மிளகும் வாழையும் விவசாயிக்கு கைகுடுக்கும். அரைச்சுக் குடுக்குற கடைல "இது எந்த மலைக் கொட்டை?"ன்னு கேளுங்க. நாலு பேரு கேட்டா கடைக்காரரே டப்பா மேல எழுதி ஒட்டுவாரு.

சிக்கரி கலக்குறது தப்பில்ல, ஆனா பாக்கெட்டப் பாருங்க, சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது, எவ்வளவு சிக்கரின்னு அச்சடிச்சிருக்கணும். தூள் வாங்க வீட்டு டப்பாவக் கொண்டு போங்க, காலி டப்பாவ மொதல்ல தராசுல வச்சு கழிச்சுக்கச் சொல்லுங்க. ஒரு வாரத்துக்கு ஆகுறத மட்டும் அரைங்க, மணம் போன தூள்ல ரெண்டு கரண்டி கூடப் போட வேண்டி வரும், அதுவும் வீண் தான். டிகாஷன் இறங்க பதினஞ்சு இருவது நிமிஷம் ஆகும்ங்குறதால பால அது இறங்குனப்புறம் அடுப்புல வைங்க, மொதல்லயே வச்சு நாலு தடவ சூடு பண்ணாதீங்க.

சக்கைய தொட்டில போட வேண்டாம். காய வச்சு சருகு, காய்கறித் தோலோட கலந்து மக்க விட்டா அருமையான உரம், நைட்ரஜன் நல்லா இருக்கும். பச்சையா அப்படியே கொட்டினா மேல ஆடை கட்டி தண்ணி இறங்காது, நாத்துக்கும் ஆகாது. எங்க அத்தை மாடில வச்சிருக்குற மல்லிச் செடிக்கு மாமா கடை சக்கை தான் ரெண்டு வருஷமா போகுது.

படி 8: மாசம் ஒருக்கா மறுபடி எண்ணுங்க

அதே நோட்டு, அதே ஆறு மணில இருந்து ஒம்போது மணி வரைக்கும். கொறஞ்சிருந்தா மாஸ்டர்கிட்டயும் கழுவுறவங்ககிட்டயும் காட்டுங்க, வேலை அவங்க கைல தான் நடக்குது. கப்புல மிச்சமான காசுல கழுவுறவங்களுக்கு சம்பளம் கூட்டிக் குடுங்க, முன்ன விட அவங்களுக்கு வேலை ஜாஸ்தி, மாமா அத மொத மாசமே செஞ்சாரு.

கொறையாம இருந்தா எங்க தப்புன்னு பாருங்க. எங்களுக்கு ரெண்டாவது மாசம் பேப்பர் கப்பு திடீர்னு ஏறிருச்சு, என்னன்னு பாத்தா ஏழே கால் மணிக்கு கழுவுன டம்ளரு தீந்து போகுது, மாஸ்டர் வேற வழியில்லாம கீழ அறையத் தொறக்குறாரு. கூட்டம் உச்சத்துல இருக்குற அரை மணில எத்தன காபி போகுதோ அத்தன டம்ளரு, அதுக்கு மேல கால்பங்கு கைல இருக்கணும், இதுக்குக் கொறஞ்சு வாங்கினா மத்த படியெல்லாம் நிக்காது. சனிக்கிழமை ராத்திரி கடை அடைக்கிறப்ப டம்ளரையும் தூக்கையும் எண்ணி காலண்டர் பக்கத்துல சாக்பீஸால எழுதி வைங்க. போன சனிக்கிழமை எழுதினதுல தூக்கு ஒண்ணு கொறைஞ்சுது, நம்பர் 14, திங்கக்கிழமை காலைல ஆரப்பாளையத்துல இருந்து ஒரு அண்ணன் அதைக் கழுவித் துடைச்சு கொண்டு வந்து வச்சுட்டு, அதுலயே மறுபடி காபி ஊத்தச் சொன்னாரு.